வெசனமும் கார்டிசாலும்: மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடுமுடிப் பக்கம் மருந்துக்கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பி.பார்ம் படித்தபோது எனக்குப் பிடித்த பாடம் ஹார்மோன்கள்தான். ஆனால் கடையில் நின்றுகொண்டு அதைப் பேச இரண்டு நிமிஷம் கிடைக்காது. பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருப்பார்கள். 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிப்போச்சாம்', 'டெக்ஸா மாத்திரை கொடுங்க', 'முழு நைட்டு போனதிலிருந்து உடம்பு ஊதுது' என்று ஆளுக்கொன்றாகக் கேட்பார்கள். கேள்வி எங்கே தொடங்கினாலும் பதில் கார்டிசால் என்ற அந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோனிடமும், மூளையில் அதைக் கேட்கிற ஏற்பிகளிடமும்தான் போய் நிற்கிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

ஏனுங்க, கார்டிசால்னா கெட்ட ஹார்மோனா?

இல்லைங்க. அது இல்லாவிட்டால் காலையில் எழவே முடியாது. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போட்டது மாதிரி ஆளுக்கு இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான். அவற்றின் வெளிப்பட்டையில் சுரப்பது கார்டிசால். ரத்தத்தில் சர்க்கரையை இறங்கவிடாமல் வைப்பது, ரத்த அழுத்தத்தைத் தாங்குவது, வீக்கத்தையும் ஒவ்வாமையையும் கட்டுக்குள் வைப்பது என்று அதற்கு ஓயாத வேலை. இந்தச் சுரப்பி கெட்டுப்போனவர்கள் மெலிந்து, கறுத்து, பலமிழந்து இறந்துபோவதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இலேயே எழுதி வைத்தார்.

ஒரு நாள் முழுக்க நம் உடம்பு சுரப்பது ஏறக்குறைய 10 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு. இத்தனூண்டு சரக்குக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்றால், அதை வாங்கிக்கொள்கிற ஏற்பி கிட்டத்தட்ட உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது.

ஏற்பி, ஏற்பின்னு சொல்றீங்களே, அது என்ன?

செல்லில் இருக்கிற ஒரு புரதம். ஹார்மோன் ரத்தத்தில் எல்லா இடத்துக்கும்தான் போகிறது. எந்தச் செல்லில் அதற்கான ஏற்பி இருக்கிறதோ அந்தச் செல்லுக்குத்தான் சேதி புரியும். ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவித்தாலும் காது உள்ளவனுக்குத்தானே கேட்கும்?

'ஹார்மோன் எவ்வளவு இருக்குது' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 'அதைக் கேட்கிற காது எப்படி இருக்குது' என்று யாரும் கேட்பதில்லை. லேப் ரிப்போர்ட்டில் முதலாவதுக்கு எண் போட்டு வருகிறது, இரண்டாவதுக்கு வருவதில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சுரப்பி இடுப்புப் பக்கம் இருக்கிறது, மூளை மேலே இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி, ஏறக்குறைய 4 கிராம். அதற்குக் கீழே காம்பில் தொங்குகிற பட்டாணி அளவுச் சுரப்பி பிட்யூட்டரி. வெசனம், காய்ச்சல், அடிபட்ட வலி, சர்க்கரை இறங்குவது என்று எது வந்தாலும் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடும். அது பிட்யூட்டரியை உசுப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை விடச் செய்யும். அது ரத்தத்தில் இறங்கி அட்ரீனலைத் தட்ட, கார்டிசால் கிளம்பும். நரம்பில் ஆரம்பித்துச் சுரப்பியில் முடிகிற இந்த ஏற்பாட்டைத்தான் நரம்பு நாளமில்லாச் சுரப்பி மண்டலம் என்கிறார்கள். தைராய்டு, மாதவிடாய், தாய்ப்பால், வளர்ச்சி எல்லாவற்றுக்கும் இதே மாதிரி தனித்தனிச் சங்கிலி உண்டு.

இதில் முதல் கண்ணியான சி.ஆர்.எச்.ஐப் பிடிக்கத்தான் ரொம்பக் காலம் ஆனது. கியெமென், ஷாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருஷம் அதன் பின்னால் அலைந்து கிடைக்காமல், அதே வழியில் வேறு மூளை ஹார்மோன்களைக் கண்டுபிடித்து 1977இல் நோபல் வாங்கினார்கள். கடைசியில் 1981இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் வைலி வேலும் கூட்டாளிகளும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டவை ஏறத்தாழ ஐந்து லட்சம் செம்மறி ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துண்டுகள். மேச்சேரி ஆடு வளர்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு நிமிஷம் மூச்சை நிறுத்துவார்கள்.

சரி, ஆரம்பிச்சு வைக்கிறது புரியுது. நிறுத்தறது யாரு?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நிறுத்துவதும் கார்டிசால்தான். ரத்தத்தில் ஏறிய கார்டிசால் மூளைக்குத் திரும்பி வருகிறது. ஹைப்போதலாமஸிலும் பிட்யூட்டரியிலும் ஹிப்போகேம்பஸ் என்கிற ஞாபகப் பகுதியிலும் அதற்கான ஏற்பிகள் காத்திருக்கின்றன. அவற்றில் ஹார்மோன் போய் ஒட்டியதும் 'சேதி வந்துவிட்டது, இனி போதும்' என்று சி.ஆர்.எச்.உம் ஏ.சி.டி.எச்.உம் குறைகின்றன. பாடப்புத்தகத்தில் இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். மேல்தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டார் நிற்கிறதே, அதே வேலை.

வித்தியாசம் ஒன்று உண்டு. மேல்தொட்டிக்கு ஒரு மிதவைதான். கார்டிசாலுக்கு மூளையில் இரண்டு வகை ஏற்பி.

ஒரே ஹார்மோனுக்கு எதுக்கு ரெண்டு ஏற்பி?

கொடுமுடிப் படித்துறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் படிகள் ஆற்றில் தண்ணீர் குறைந்த நாளிலும் நனைந்தபடியே இருக்கும், பாசி பிடித்திருக்கும். மேல்படிகள் அப்படி இல்லை. மேட்டூர் திறந்து ஆடியில் வெள்ளம் வரும்போதுதான் நனையும்.

எம்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும் மினரலோகார்டிகாய்டு ஏற்பி கீழ்ப்படி. கார்டிசாலை அது சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். ஆகவே நடுராத்திரியில் கார்டிசால் அடிமட்டத்துக்கு இறங்கினாலும் அதில் பெரும்பகுதி நிரம்பித்தான் இருக்கும். சாதாரண நாளின் தாளத்தைக் காப்பது, எதையும் கவனித்து எடைபோட மூளையை ஆயத்தமாக வைப்பது அதன் வேலை. இது முக்கியமாக ஹிப்போகேம்பஸில் அடர்ந்திருக்கிறது.

ஜி.ஆர். என்னும் குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி மேல்படி. காலையில் விழிக்கும்போதும், வெசனம் வந்து ஹார்மோன் பெருகும்போதும்தான் அது நிரம்பும். அது நிரம்பினால்தான் 'போதும்' என்ற உத்தரவு பிறக்கும். மேல்படி நனைந்த சேதியைக் கேட்டு மேட்டூரில் மதகை இறக்குகிற மாதிரி. நிஜத்தில் மேட்டூர் நம்மைக் கேட்டு மதகை இறக்குவதில்லை, மூளை கேட்கிறது.

இதை யார் கண்டுபிடிச்சாங்க?

1968இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மக்யூவன், கதிரியக்க அடையாளம் ஏற்றிய கார்டிகோஸ்டிரோனை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிக்கு கார்டிசாலுக்குப் பதில் அதுதான். ஹைப்போதலாமஸில் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கிற காலம் அது. ஆனால் அது அதிகமாகத் தங்கியது ஹிப்போகேம்பஸில். ஞாபகத்துக்கும் வெசனத்துக்கும் முடிச்சு அங்கே விழுந்தது. 1985இல் நெதர்லாந்தின் ரான் டி க்ளோட்டும் ரூயலும் அது ஒரே ஏற்பி இல்லை, இரண்டு வகை என்று பிரித்துக் காட்டினார்கள். அதே 1985இல் ரொனால்ட் எவன்ஸின் சால்க் ஆய்வகம் மனித ஜி.ஆர். மரபணுவைப் படியெடுத்தது: 777 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். இரண்டு வருஷத்தில் எம்.ஆர்.உம் அவர்கள் கையிலேயே வந்தது.

ஏற்பியில ஒட்டின பொறவு செல்லுக்குள்ள என்ன நடக்குது?

பல ஹார்மோன்களுக்கு ஏற்பி செல்லின் மேல்தோலில் இருக்கும். ஜி.ஆர். செல்லுக்குள்ளேயே, துணைப் புரதங்களின் அணைப்பில் சும்மா கிடக்கும். கார்டிசால் கொழுப்பில் கரைவது என்பதால் செல்லின் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே வந்து அதைப் பற்றிக்கொள்ளும். உடனே ஏற்பி தன் துணைகளை மாற்றிக்கொண்டு உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களில் உட்கார்ந்து, சில மரபணுக்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும். பிட்யூட்டரியில் அது அடக்குவது ஏ.சி.டி.எச்.க்கான மரபணுவை. ஹைப்போதலாமஸில் சி.ஆர்.எச்.க்கான மரபணு அடங்குகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி எஃப்.கே.பி.பி.51 என்ற துணைப் புரதம். ஜி.ஆர். வேலை செய்யத் தொடங்கினால் அது தூண்டுகிற மரபணுக்களில் இதுவும் ஒன்று. அது பெருகியதும் ஜி.ஆர்.ஐயே பிடித்துக்கொண்டு அதன் கூர்மையை மழுக்கும். பிரேக்குக்கும் ஒரு பிரேக். சிலருடைய மரபணு அமைப்பில் இந்த இரண்டாவது பிரேக் அளவுக்கு மீறி வலுவாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் சின்ன வயதில் கடுமையாக அடிபட்டு வளர்ந்திருந்தால், பின்னாளில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2008இல் எலிசபெத் பைண்டரின் குழு காட்டியது.

மரபணு, உட்கருன்னா மணிக்கணக்கில் ஆகுமே. அதுவரைக்கும் ஹார்மோன் ஓடிக்கிட்டே இருக்குமா?

நல்ல கேள்வி. மரபணு வழி மெதுவானது, மணிக்கணக்கு. அதற்கு முன்னால் நிமிஷக்கணக்கில் நடக்கும் வேறொரு வழி உண்டு. 2003இல் எலி மூளைத் துண்டுகளில் பார்த்தபோது, கார்டிசால் வகை ஹார்மோன் பட்ட சில நிமிஷங்களில் ஹைப்போதலாமஸ் நரம்புகள் எண்டோகன்னாபினாய்டு என்ற பொருளை விட்டு, தமக்கு வரும் தூண்டுதலைத் தாமே குறைத்துக்கொண்டன. கஞ்சாவின் போதைச்சரக்கு ஒட்டுகிற அதே வகை ஏற்பியில் ஒட்டும் பொருள்தான் அது. மூளை தானே செய்துகொள்வது.

திருப்பூர்ல, வெள்ளகோவில் மில்லுல முழு நைட்டு பார்க்கிறவங்களுக்கு என்ன ஆகுது?

கார்டிசால் நாள் முழுக்க ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. மணிக்கு ஒருமுறைபோலச் சின்னச் சின்ன அலைகளாகச் சுரக்கும். விடியும் நேரத்தில் அலைகள் உயர்ந்து, விழித்து அரைமணி முக்கால் மணிக்குள் உச்சம் தொடும். சாயங்காலம் தணிந்து, நடுராத்திரியில் அடிமட்டம். இந்தத் தாளத்தைப் பிடிப்பது கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கணக்கு வைக்கிற மூளைக் கடிகாரம். ஷிஃப்ட் மாறியது அதற்குத் தெரியாது.

அரை நைட்டு பார்க்கிறவர் நடுராத்திரி வீடு வந்து படுத்துவிடலாம். முழு நைட்டு முடித்துக் காலை எட்டரைக்குப் படுப்பவரின் நிலைமை வேறு. மேல்படி நனைந்து நிற்கிற உச்ச நேரத்தில் அவர் தூங்கப் பார்க்கிறார். உடம்பு 'எழுந்திரு' என்கிறது, அவர் போர்வையை இழுத்துக்கொள்கிறார். தூக்கம் மூன்று நாலு மணியில் கலைந்துபோகும். வாரம் ஒரு ஷிஃப்ட் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் கடிகாரம் எந்தப் பக்கமும் திரும்பாது. கார்டிசால் தாழ்ந்திருக்க வேண்டிய நேரத்தில் தாழாமல் போனால் ஜி.ஆர். ஓய்வில்லாமல் நனைந்தே கிடக்கும். சர்க்கரையும் தொப்பையும் அந்த வழியில் வருகிற சங்கதிகள். தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள், வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வாருங்கள் என்பதுதான். சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ரொம்ப நாள் வெசனப்பட்டா ஏற்பி தேஞ்சு போயிடுமா?

தேய்ந்து போகாது, எண்ணிக்கை குறையும். எலிகளை நாள்கணக்கில் வதைத்துப் பார்த்த ஆய்வுகளில் ஹிப்போகேம்பஸில் ஜி.ஆர். குறைந்தது, நரம்புக் கிளைகள் சுருங்கின. காது மந்தமானால் 'போதும்' என்ற சேதி கேட்காது. கேட்காததால் ஹார்மோன் இன்னும் ஏறும். ஏற ஏறக் காது இன்னும் மந்தமாகும். செக்கு மாட்டுச் சுற்று.

மனிதர்களில் இதைத் தெளிவாகக் காட்டுவது குஷிங் நோய். பிட்யூட்டரியில் சின்னக் கட்டி வந்து ஏ.சி.டி.எச். ஓயாமல் கொட்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பதும், சிகிச்சைக்குப் பிறகு அது ஓரளவு திரும்ப வளர்வதும் 1990களில் ஸ்கேனில் தெரிந்தது. மூளையில் போனது வராது என்று நினைத்திருந்த எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

கடுமையான மனச்சோர்வு நோயிலும் சிலருக்கு இந்த பிரேக் பிடிப்பதில்லை. டெக்ஸா என்கிற, கார்டிசால் மாதிரியே ஜி.ஆர்.இல் ஒட்டும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தும் கார்டிசால் அடங்காததை வைத்து நோயை உறுதிசெய்யலாம் என்று 1981இல் பெர்னார்ட் கரோல் முன்வைத்தார். பலருக்குப் பொருந்தவில்லை, அதனால் வழக்கத்தில் நிலைக்கவில்லை. ஆக, மனச்சோர்வுக்கு கார்டிசால் டெஸ்ட் எடுக்கச் சொல்லி என்னிடம் யாராவது கேட்டால், வேண்டாம், அந்தப் பணத்துக்கு மனநல டாக்டரைப் பாருங்கள் என்பேன்.

மூட்டுவலிக்கு அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பிரமாதமா கேக்குது. தொடர்ந்து சாப்பிடலாமுங்களா?

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா என்பது இதுதான்), பீட்டாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். எல்லாம் ஜி.ஆர். ஏற்பியில் ஒட்டும்படி செய்த ஸ்டீராய்டுகள். கேட்கத்தான் செய்யும். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தில் நடக்கவே முடியாதிருந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார்; சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. அதே மருந்தின் மறுபக்கத்தையும் அவர்களே சீக்கிரம் பார்த்தார்கள்.

கணக்கு இதுதான். உடம்பின் கார்டிசால் 20 மில்லிகிராம் செய்யும் வேலையை பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமும், டெக்ஸா முக்கால் மில்லிகிராமும் செய்துவிடும். அரை மில்லிகிராம் டெக்ஸா மாத்திரை ஒன்று போட்டாலே உங்கள் அட்ரீனல் ஒரு நாள் உழைப்பதைவிடக் கூடுதல். மூளையும் பிட்யூட்டரியும் என்ன நினைக்கும்? மேல்படி எப்போதும் நனைந்தே இருக்கிறது, தண்ணீர் திறக்க வேண்டியதில்லை என்று ஏ.சி.டி.எச்.ஐ நிறுத்திவிடும். தட்டுவார் இல்லாமல் அட்ரீனல் சுருங்கும்.

எங்கள் அம்மாயிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் படித்துக்கொண்டிருந்த காலம். சந்தையில் ஒருவர் விற்ற மூட்டுவலிப் பொட்டலத்தை இரண்டு வருஷம் சாப்பிட்டார். முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டது. ஒறம்பரை வந்தவர்களெல்லாம் 'ஆத்தா நல்லாத் தேறிட்டாங்க' என்றார்கள். சர்க்கரை வந்தது, யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு மாதம் அந்த ஆள் சந்தைக்கு வரவில்லை. பொட்டலம் தீர்ந்த மூன்றாம் நாள் அம்மாயிக்கு வாந்தி, எழுந்தால் தலை சுற்றல், பி.பி. இறங்கி ஆளே துவண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் காகிதம் மாதிரி மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றியிருந்தது. 'என்ன மருந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க?' என்று கேட்டார். பொட்டலத்தைச் சொன்னதும் ஹைட்ரோகார்டிசோன், அதாவது மருந்தாகச் செய்த கார்டிசால், ஏற்றச் சொன்னார். சாயங்காலம் அம்மாயி உட்கார்ந்து, 'ஒரு வாய் காப்பி கெடைக்குமா கண்ணு' என்றார். அதற்கப்புறம் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முழுதாக நிறுத்த எட்டு மாதம் ஆயிற்று. அவருடைய மூளை மறுபடி கேட்கப் பழக அத்தனை நாள்.

ஆகவே மூன்று நாலு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் பட்டென்று நிறுத்தக் கூடாது. ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ டாக்டர் எழுதியிருந்தால் அதற்குப் பயப்பட்டு விடவும் கூடாது. ஆபரேஷன், விபத்து, பெரிய காய்ச்சல் என்று எங்கே போனாலும் 'நான் ஸ்டீராய்டு சாப்பிடுறேன்' என்று முதலில் சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. சட்டப்படியும் இது ஷெட்யூல் எச் மருந்து. 'அடுத்த கடையில தர்றாங்களே' என்பார்கள். தருவார்கள்தான்.

முகத்துக்குப் போடற க்ரீம் மூளை வரைக்கும் போகுமா?

போகும். வீரியமான ஸ்டீராய்டு க்ரீமை அகலமாக, மாதக்கணக்கில் பூசினால் தோல் வழியாக இறங்கி இதே பிரேக்கை அமுக்கும். குழந்தைகளுக்கு இன்னும் சுலபமாக.

ராத்திரி 11 மணிக்கு ஒரு மாத்திரை போட்டுட்டு காலையில ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. அது எதுக்கு?

அது உங்கள் ஏற்பியைச் சோதிக்கிற பரிசோதனை. 1 மில்லிகிராம் டெக்ஸா போட்டதும் பிட்யூட்டரியின் ஜி.ஆர். அதைக் கேட்டு அடங்க வேண்டும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் பிரேக் சரியாகப் பிடிக்கிறது. வராவிட்டால் குஷிங் நோயா என்று மேலே பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரையும் சில வலிப்பு மருந்துகளும் முடிவைக் குழப்பும். சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் வேண்டாததை வெளியே தள்ளும் ஒரு பம்ப் இருக்கிறது. அது குறைந்த அளவு டெக்ஸாவைப் பெரும்பாலும் உள்ளே விடாது. பிட்யூட்டரி அந்தச் சுவருக்கு வெளியே இருப்பதால் அது மட்டும் கேட்டுவிடும். விளைவு: உடம்பின் கார்டிசால் நின்றுவிடுகிறது, டெக்ஸாவும் மூளைக்குள் வரவில்லை, கீழ்ப்படிகூடக் காய்ந்துபோகிறது. ஸ்டீராய்டு சாப்பிடும் சிலருக்குத் தூக்கமும் மனசும் கெடுவதற்கு இப்படிக் காலியாகக் கிடக்கும் எம்.ஆர்.உம் ஒரு காரணம் என்பது டி க்ளோட் தரும் விளக்கம். இதைப் படிக்கும்வரை டெக்ஸாவும் கார்டிசாலும் ஒன்றுதான், ஒன்று பலமானது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கறேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எம்.ஆர். ஏற்பி சிறுநீரகத்திலும் இருக்கிறது. அங்கே அதன் வேலை ஆல்டோஸ்டிரோன் என்ற வேறு ஹார்மோனைக் கேட்டு உப்பைத் தக்கவைப்பது. ரத்தத்தில் அதைவிடப் பல நூறு மடங்கு இருக்கும் கார்டிசால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, வாசலிலேயே ஒரு நொதி காவல் நின்று கார்டிசாலைச் செயலிழக்கச் செய்கிறது. மூளையின் பெரும்பகுதியில் இந்தக் காவல் இல்லை. அதனால்தான் அங்கே எம்.ஆர். கார்டிசாலின் ஏற்பியாக இருக்கிறது.

அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் இந்தக் காவல்காரனை முடக்கும். அளவுக்கு மீறி, நாள்பட எடுத்தால் கார்டிசால் சிறுநீரக எம்.ஆர்.இல் புகுந்து உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, பி.பி.யை ஏற்றும். தொண்டைக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

குழந்தையை எப்படி வளர்க்கிறோம்கிறது இந்த ஏற்பியை மாத்துமா?

எலியில் மாற்றுகிறது. மான்ட்ரியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு இரண்டு வகைத் தாய் எலிகளைப் பார்த்தது: குட்டியை அதிகம் நக்கிக் கொடுப்பவை, குறைவாக நக்குபவை. அதிகம் நக்கப்பட்ட குட்டிகளின் ஹிப்போகேம்பஸில் ஜி.ஆர். கூடுதல், பெரிதான பிறகும் வெசனம் வந்தால் சீக்கிரம் அடங்கின. பிறந்த குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தபோது வளர்த்த தாயின் வழியே வந்தது. 2004இல் காரணமும் தெரிந்தது: ஜி.ஆர். மரபணுவின் முகப்பில் மீதைல் என்ற வேதி முத்திரைகள் கூடுதலாகவோ குறைவாகவோ விழுந்திருந்தன. மரபணு அதேதான், அதைத் திறக்கும் தாழ்ப்பாள் வேறு.

மனிதருக்கு இதை அப்படியே தூக்கிப் போட்டு, வேலைக்குப் போகும் தாய்மாரைக் குற்றம் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். எலிக்கு அப்பத்தாவும் அம்மாயியும் கிடையாது என்று அவர்களிடம் சொல்வேன்.

ஏற்பியே பழுதாப் பிறந்தவங்க உண்டா?

அபூர்வமாக. 1976இல் முதலில் விவரிக்கப்பட்டது. ஜி.ஆர். மந்தமாக இருப்பதால் மூளை 'இன்னும், இன்னும்' என்று கேட்க, கார்டிசால் பல மடங்கு ஏறும். ஆனால் நிலா முகமோ தொப்பையோ வராது, கேட்கத்தான் காது இல்லையே. கூடவே ஏ.சி.டி.எச். ஏறுவதால் பி.பி., பருக்கள், பெண்களுக்கு மீசை முடி என்று வரும். தென் அமெரிக்காவின் அணில் குரங்குகளுக்கு இது நோயே இல்லை, இனத்தின் இயல்பு. நமக்கு ஆபத்தான அளவு கார்டிசாலோடு மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்கின்றன.

ஏற்பியைக் கூட்டறதுக்கு மாத்திரை இருக்குதா?

இல்லை. ஜி.ஆர்.ஐ அடைக்கும் மருந்து உண்டு: மிஃபெப்ரிஸ்டோன், அதாவது கருக்கலைப்பு மாத்திரை. குஷிங் நோயில் ஏறும் சர்க்கரைக்காக அமெரிக்காவில் 2012இல் அனுமதித்தார்கள். 'கார்டிசால் டீடாக்ஸ்' என்று போனில் விளம்பரம் வருவதைக் காட்டிக் கேட்காதீர்கள். வாங்கி வைக்கவும் மாட்டேன்.

கார்டிசால் டெஸ்ட் எப்ப எடுக்கறது?

டாக்டர் வேறு சொல்லாவிட்டால் காலை எட்டு மணி. அந்த நேரத்தில் டெசிலிட்டருக்கு 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இயல்பு. மதியம் எடுத்து, காலைக் கணக்கோடு ஒப்பிட்டு, 'குறைஞ்சு போச்சு' என்று பயந்து வந்தவர்கள் எத்தனையோ பேர்.

மாட்டு டாக்டர் சினை மாட்டுக்கு டெக்ஸா போட யோசிக்கறாரே, ஏனுங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் கேனோடு நின்றார். பதில் சொல்ல ஆரம்பித்ததும் கேனை இறக்கி வைத்துவிட்டார்.

நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் 1960களில், வயிற்றிலிருக்கும் ஆட்டுக்குட்டியின் பிட்யூட்டரியை அழித்துப் பார்த்தார். தாய் ஆடு நாள் கடந்தும் ஈனவில்லை. ஏ.சி.டி.எச்.ஓ கார்டிசால் வகை மருந்தோ குட்டிக்குக் கொடுத்தால் நாளுக்கு முன்பே ஈன்றது. ஈற்று நாளைக் குறிப்பது தாய் இல்லை, வயிற்றிலிருக்கும் குட்டி. அதன் ஹைப்போதலாமஸ் முதிர்ந்து, பிட்யூட்டரியைத் தட்டி, அட்ரீனலிலிருந்து கார்டிசால் ஏறும்போது, அது நஞ்சுக்கொடியில் சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரானை ஈஸ்ட்ரோஜன் பக்கம் திருப்பிவிடும். அப்புறம் கருப்பை சுருங்க ஆரம்பிக்கும். மாட்டிலும் இதே கதைதான். மாதம் முதிர்ந்த சினையில் டெக்ஸா ஊசி போட்டால், கன்றே சேதி அனுப்பியது மாதிரி ஆகி, இரண்டு மூன்று நாளில் ஈன்றுவிடும். நஞ்சு விழாமல் தங்கும் தொல்லையும் சேர்ந்து வரும்.

குறைமாதத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிகள் மூச்சு விட்டதை லிக்கின்ஸ் கவனித்தார். 1972இல் ஹவி என்ற குழந்தை டாக்டரோடு சேர்ந்து, குறைப்பிரசவம் ஆகப்போகும் தாய்மாருக்கு பீட்டாமெத்தசோன் போட்டுக் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யலாம் என்று காட்டினார். இன்றைக்கும் ஏழாம் மாதத்தில் வலி வந்து போகிறவர்களுக்குப் போடுகிற ஊசி அந்த வகைதான். மனிதத் தாய்க்கு அது பிரசவத்தைக் கிளப்பாது.

'அப்படின்னா என் மாடு அந்தக் கன்னுக்குட்டி சொன்னாத்தான் ஈனுமா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். போன தடவை அமாவாசை ராத்திரி மழையில் ஈன்ற கதையைச் சொல்லிவிட்டு, 'அதுக்கு அப்பவே நேரங்காலம் தெரியலீங்க' என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.